வரவு பார்த்திருக்கும் ஆறுகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1496ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்னும் அச்சகத்தார், வேட்டைக்கலை பற்றிய பழைய நூல் ஒன்றைப் புதுக்கி வெளியிட்டார். அப்பதிப்பில் தூண்டிலால் மீன் பிடிப்பது குறித்த ஒரு சிறு பகுதியும் புதிதாகச் சேர்ந்தது. அதனை யாத்தவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னிமடத் தலைவி என்பது மரபு; அறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை. யாத்தவர் யாரேயாயினும், அப்பகுதியில் காணப்படும் ஒரு பட்டியலே இவ்வுரையின் பொருளுக்குத் தோற்றுவாய். கம்பளி இழையும் பறவை இறகும் கொண்டு தூண்டில் முள்ளின்மீது கட்டப்படும் பன்னிரண்டு பொய்ப்பூச்சிகளை அது விவரிக்கிறது. விவரிக்கும் முறைதான் கருதத்தக்கது. மார்ச்சுக்கு இன்ன நிறம், ஏப்ரலுக்கு இன்ன இறகு, மே மாதத்துக்கு இவை, ஜூனுக்கு அவை என்று ஆகஸ்ட் வரையில் மாதவாரியாகவே அப்பட்டியல் செல்கிறது. தூண்டில் இலக்கியம் ஆங்கிலத்தில் ஒரு நாட்காட்டியாகப் பிறந்தது எனலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இலக்கணம் வகுத்துக்கொண்ட மொழியினர்க்கு இது வியப்பூட்டும் செய்தியன்று.

பொய்ப்பூச்சித் தூண்டில் என்பது யாது என்பதை முதலில் விளக்கிவிடுதல் நலம். சாதாரணத் தூண்டிலில் மண்புழுவோ சிறு மீனோ இரையாக இருக்கும். ஈயக் குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழும். இங்கோ நூலின் முனையில் இருப்பது ஓர் இறகுத் துணுக்கு. அதற்குக் கனமே இல்லை. ஆதலின் கனத்தை நூலுக்கே ஏற்றிவிட்டார்கள். தடித்த நூலைக் கோலால் தலைக்குமேல் பின்னோக்கி வீசி, அது முதுகுக்குப் பின்னால் முழுவதும் விரிந்து நீளும்வரை காத்திருந்து, பிறகு முன்னோக்கிச் செலுத்த வேண்டும். அந்தக் காத்திருப்பு அரைக் கணம்தான். அதைப் பொறாமல் கையை அசைத்தவனுடைய நூல் சாட்டைபோல் சொடுக்கும். முனையில் இருந்த பூச்சி தெறித்துப் போகும். பழகுவோர் எல்லாரும் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்.

பூச்சியைக் கட்டுவது தனிக் கலை. சேவலின் கழுத்து இறகு, முயல் ரோமம், பட்டு நூல், மெல்லிய சரிகை ஆகியவற்றை ஒரு விரல் நுனியிலும் சிறிய முள்ளில் சுற்றி முடிய வேண்டும். பூச்சியின் ஒவ்வோர் உறுப்பையும் படியெடுப்பது நோக்கமன்று. மீன் கீழிருந்து பார்க்கிறது. ஓடும் நீரினூடே ஒரு நொடி பார்க்கிறது. அந்த ஒரு நொடிக்குப் பூச்சி என்று தோன்றினால் போதும். மிகுதியாகக் கட்டியவை பெரும்பாலும் கடையில் விற்பனைக்குத்தான் உதவும், ஆற்றில் உதவா என்பது இத்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. கவிஞர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கே தமிழ்நாட்டோடு எதிர்பாராத ஓர் உறவு உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகில் மெழுகு வார்த்தாற்போல மினுங்கும் பொட்டுகள் உள்ளன. நீரில் அவை சிறு மீனின் கண் போலத் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து ஆறுகளுக்கெனக் கட்டப்பட்ட புகழ்பெற்ற சால்மன் பூச்சிகள் பலவற்றின் கன்னத்தில் இந்த இறகு இடம்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை இதற்காகவே பெருமளவில் கொல்லப்பட்டது. இப்போது இந்தியச் சட்டம் அதனைக் காக்கிறது. வடநாட்டுத் தூண்டிற்காரர் அங்கேயே வளர்க்கப்படும் பறவைகளின் இறகைப் பயன்படுத்துகின்றனர். ஓர் இனிய பொழுதுபோக்கின் பட்டுநூலைப் பிரித்துப் பார்த்தால் இத்தகைய கணக்குகளும் உள்ளே இருக்கின்றன.

மாதவாரிப் பட்டியலுக்குக் காரணம் பூச்சிகளின் வாழ்க்கை. குளிர்ந்த ஆறுகளில் கற்களின் அடியில் ஓராண்டு, சில இனங்களில் ஈராண்டு, புழுப் பருவத்தில் வாழும் 'மே ஈ' என்னும் பூச்சி ஒருநாள் நீரின் மேற்பரப்புக்கு எழுந்து, தோலைக் கிழித்து, சிறகு விரித்துப் பறக்கிறது. பின்னர்க் கரையோர இலையில் அமர்ந்து மற்றொரு முறையும் தோலுரிக்கிறது. சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சி உலகில் இது ஒன்றே. அதன்பின் அதற்கு உண்ண வாயும் இல்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, பெரும்பாலும் ஓரிரு நாளில் நீரில் விழுந்து முடிகிறது. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலைக் கண்டவர்க்கு இக்காட்சி அயலன்று. ஒவ்வோர் இனமும் தனக்குரிய வாரத்தில், தனக்குரிய வெப்பநிலையில், சில வேளை தனக்குரிய மணி நேரத்தில் எழுகிறது. டிரவுட் மீன் அந்த நேரத்தை அறிந்து காத்திருக்கிறது; தூண்டில்காரனும் அதை அறிந்தாக வேண்டும்.

இந்த அறிவை இலக்கியமாக்கியவர்களுள் சார்லஸ் காட்டன் முதன்மையானவர். ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூல் உலகப் புகழ் பெற்றது. எனினும் பொய்ப்பூச்சி வால்டனின் தனித்துறையன்று. 1676இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு, அவருடைய இளைய நண்பரும் கவிஞரும் பின்னாளில் மோன்டேய்னின் கட்டுரைகளை ஆங்கிலமாக்கியவருமான காட்டன், தெளிந்த ஓடையில் டிரவுட் பிடிப்பது பற்றி இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தார். அதிலும் பூச்சிகள் மாதம் மாதமாகவே வருகின்றன. டோவ் ஆற்றங்கரையில் 1674இல் காட்டன் கட்டிய சிறு மீன்பிடி மண்டபத்தின் வாயிலில் இருவர் பெயரின் முதலெழுத்துகளும் பின்னிப் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

பின்வந்த நூற்றாண்டுகளில் இத்துறை சற்றுக் குறுகிப் போயிற்று என்றே கூற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்ஃபோர்ட் என்பவர், நீர்மேல் மிதக்கும் பூச்சியே முறையானது, அமிழ்ந்த பூச்சி தரக்குறைவு என்று ஒரு வைதிகத்தை நிறுவினார். ஸ்க்யூஸ் என்னும் வழக்கறிஞர் 1910இல் அதனை மறுத்து எழுதினார். இச்சண்டை 1938இல் லண்டன் மன்றம் ஒன்றில் பெரும் விவாதமாக நடந்தது. மரபுக் கவிதையா புதுக்கவிதையா என்று ஒரு தலைமுறை முழுதும் வாதிட்டுக் களைத்தவர்களுக்கு இதன் சுவை புரியும். மீன்கள் இரண்டையும் தின்றுகொண்டிருந்தன.

இம்மரபு அட்லாண்டிக் கடலையும் ஒரு கண்டத்தையும் கடந்து வட அமெரிக்காவின் பசிபிக் கரையை அடைந்தபோது, அதுவரை கற்ற நாட்காட்டி அங்கே பயன்படவில்லை. காரணம் ஸ்டீல்ஹெட் என்னும் மீன். இது தனி இனமன்று, வானவில் டிரவுட்டேதான். ஒரே பெற்றோரின் குஞ்சுகளுள் சில ஆற்றிலேயே தங்கி வானவில் டிரவுட்டாக வாழ்கின்றன. வேறு சில இரண்டு மூன்று ஆண்டுகள் ஆற்றில் வளர்ந்தபின் உடல் வெள்ளி நிறமடைந்து, உப்புநீருக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொண்டு கடலுக்குச் செல்கின்றன. பசிபிக் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரிந்து, ஓரிரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் முழங்கை நீளத்துக்கும் மேலாக வளர்ந்து, பிறந்த ஆற்றையே மணத்தால் கண்டு திரும்புகின்றன. பசிபிக் சால்மன் மீன்கள் முட்டையிட்டதும் மடிகின்றன, ஸ்டீல்ஹெட் அப்படியன்று. சிறு பங்கினவேனும் மீண்டும் கடலுக்குப் போய் மீண்டும் திரும்புகின்றன. 1989 வரையில் அறிவியலார் இதனை ஐரோப்பிய டிரவுட்டின் பேரினப் பெயரால் வழங்கினர். அதன்பின் பசிபிக் சால்மன்களின் பேரினத்தில் சேர்த்துவிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்த்த வானவில் டிரவுட்டும் இதே இனம்தான். கடலுக்குப் போகும் வழியில்லாத மலையோடையில் அது தங்கிவிட்டது.

ஸ்டீல்ஹெட் வரும் காலம் இருவகை. கோடைவரவு மீன்கள் மே முதல் அக்டோபர் வரையில் ஆற்றில் நுழைகின்றன. அப்போது அவற்றின் முட்டைகள் முதிர்ந்திரா. குளிர்காலம் முழுவதையும் ஆழ்மடுக்களில் கழித்துவிட்டு, அடுத்த வசந்தத்தில்தான் முட்டையிடும். குளிர்வரவு மீன்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரையில் முதிர்ந்த நிலையில் வந்து விரைவில் முட்டையிடும். ஆகவே வடபுல ஆறுகளில் ஏதேனும் ஒரு வரவு இல்லாத மாதம் அரிது. ஜூலையில் டீன் ஆறு, செப்டம்பரில் ஸ்கீனாவின் கிளைகளான பாபீன், பல்க்லி, கிஸ்பியாக்ஸ், அக்டோபர் தொடங்கித் தாம்சன், ஜனவரியில் வான்கூவர் தீவின் குறுகிய மழைக்காட்டு ஆறுகள் என்று ஆண்டு சுழல்கிறது. ஏப்ரலில் சரளைக் கற்களிடையிருந்து வெளிப்பட்டுக் கடல்நோக்கிச் செல்லும் சால்மன் குஞ்சுகளைக் கழிமுகத்தில் கட்த்ரோட் டிரவுட்டுகள் எதிர்கொண்டு தின்னும். தூண்டில்காரன் வெள்ளிச் சரிகை சுற்றிய மெல்லிய பூச்சியைக் கட்டுவான். இலையுதிர் காலத்தில் அதே டிரவுட் சால்மனைப் பின்தொடர்ந்து, சிதறும் முட்டைகளைப் பொறுக்கும்.

மற்றொரு வேறுபாடு இன்னும் ஆழமானது. கடலிலிருந்து திரும்பிய ஸ்டீல்ஹெட் ஆற்றில் ஏறக்குறைய எதையும் உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. உண்ணாத மீன் இறகுத் துணுக்கை ஏன் கவ்வ வேண்டும்? குஞ்சாயிருந்தபோது இதே ஆற்றில் பூச்சி தின்ற நினைவு என்பர் சிலர். தன் இடத்தில் நுழைந்ததன்மேல் கொண்ட சினம் என்பர் சிலர். கையில்லாத உயிர் வாயால் தொட்டறிகிறது என்பாரும் உளர். முடிந்த முடிபு ஏதுமில்லை. எனவே இந்த ஆறுகளில் தூண்டில்காரன் உணவைக் காட்டி ஏமாற்றுபவன் அல்லன். இடுப்பளவு நீரில் நின்று நூலை எதிர்க்கரைச் சாய்வாக வீசுகிறான். ஓட்டம் நூலை வளைத்து, பூச்சியை அரைவட்டமாக இக்கரைக்குக் கொண்டுவருகிறது. இரண்டடி கீழே நகர்ந்து மறுபடியும் வீசுகிறான். காலையிலிருந்து மாலை வரை இதுவே. ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பது அவர்களிடையே வழங்கும் பேச்சு. எவ்வளவு தேர்ந்தவனாயினும் மீன் வந்திருந்தால்தான் உண்டு. பழைய நாட்காட்டி பூச்சியின் பிறப்பைக் குறித்தது. புதிய நாட்காட்டி ஒரு வரவைக் குறிக்கிறது.

இந்த வரவை முழுமையாக எழுத்தில் வைத்தவர் ரோடெரிக் ஹேக்-பிரவுன். 1908இல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர். தந்தை முதல் உலகப்போரில் 1918இல் மாண்டார். பாட்டனார் தலைமையாசிரியராக இருந்த புகழ்பெற்ற பள்ளியில் ஒழுங்காகப் படித்து முடிக்காத இந்த இளைஞர், 1926இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்து மரம்வெட்டும் முகாமில் வேலை பார்த்தார். பின்பு வடக்கே பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தார். இறுதியில் வான்கூவர் தீவில் கேம்பெல் ஆற்றின் கரையிலேயே வீடுகொண்டு மனைவி ஆனுடன் வாழ்ந்தார். சட்டப் படிப்பு இல்லாமலே அவ்வூரின் நீதிபதியாக நியமனம் பெற்று முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1976இல் காலமானார்.

1946இல் அவர் வெளியிட்ட நூலுக்கு 'ஆறு ஒருபோதும் உறங்குவதில்லை' என்று பொருள்படும் தலைப்பு. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் நூல் அது. முதல் மாதத்தின் நாயகன் குளிர்வரவு ஸ்டீல்ஹெட். 1496இன் பட்டியல் கோடையோடு நின்றுவிட்டது. இவரோ பனிமாதங்களையும் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். மீனைப் பிடித்த வெற்றிச் செய்தி இந்நூலில் குறைவு. எந்தக் கல்லின் பின்னால் நீர் தணிகிறது, வெள்ளம் வடியும்போது நிறம் எவ்வாறு மாறுகிறது, ஒரு மீன் ஏன் இந்த மடுவில் நின்றது என்பனவே பக்கங்களை நிறைக்கின்றன. தொடர்ந்து வசந்தம் (1951), குளிர் (1954), கோடை (1959), இலையுதிர் காலம் (1964) என்று நான்கு பருவங்களுக்கும் தனித்தனி நூல் எழுதினார். இவற்றுள் குளிர்கால நூல் தன் ஊர்க் குளிரைப் பற்றியதன்று. அப்போது கோடை நிலவும் சிலி, அர்ஜென்டினா நாடுகளில் மேற்கொண்ட பயணம் பற்றியது. நால்வருள் சுவை குறைந்தது அதுவே என்று சொன்னால் தவறாகாது. ஹேக்-பிரவுனின் உரைநடை தெரிந்த ஆற்றில்தான் நிமிர்ந்து நடக்கிறது.

அவர் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு திருப்பத்தை இங்குச் சுட்டியாக வேண்டும். 1947இல் அவர் வீட்டுக்கு மேலே கேம்பெல் ஆற்றில் ஜான் ஹார்ட் அணை எழுந்தது. அடுத்து அதே ஆற்றுத் தொகுதியில் பட்டில் ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தும் திட்டம் வந்தது. அந்த ஏரி 1911இல் அமைக்கப்பட்ட, மாநிலத்தின் முதல் பூங்காவாகிய ஸ்ட்ராத்கோனாவுக்குள் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அவர் இதனை எதிர்த்து எழுதினார், மேடைகளில் பேசினார், விசாரணைகளில் வாதிட்டார். மின்சாரம் வேண்டாம் என்பதன்று அவர் வாதம். பூங்கா என்று சட்டம் செய்த ஓரிடத்தை வசதி வந்தபோது எடுத்துக்கொள்ளலாமா என்பதே. அவர் தோற்றார். அணை 1958இல் முடிந்தது. அதன்பின் அவர் எழுத்தில் மீன்பிடித்தல் குறைந்து மீனைப் பார்த்தல் மிகுகிறது. இலையுதிர் கால நூலில் கண்ணாடி அணிந்து நீருக்குள் மூழ்கி, தான் இத்தனை ஆண்டுகள் மேலிருந்து ஊகித்த மீன்களைக் கீழே நேருக்கு நேர் காண்கிறார். தன்னுடைய சில ஊகங்கள் பொய்த்ததை மகிழ்ச்சியோடு பதிவு செய்யும் பகுதிகள் அவை.

ஆயினும் ஆற்றை எழுத்தில் கண்டவர் அவரே முதல்வர் என்று எண்ணிவிடலாகாது. எழுத்து வருமுன் அங்கே சொல் இருந்தது. கேம்பெல் ஆறு க்வாக்வாகவாக்கு மக்களின் நிலம். அவர்கள் முதல் சால்மனை விருந்தினராக விளித்து வேண்டும் துதிகளை ஜார்ஜ் ஹன்ட் என்பாரின் துணையோடு ஃபிரான்ஸ் போவாஸ் எழுத்தில் பதிவு செய்தார். வடக்கே பல்க்லி ஆற்றின் விட்செட் மலையிடுக்கில் வெட்சுவெட்டன் மக்கள் பாறைமீது நின்று நீண்ட கழிவலைகளால் இன்றும் சால்மன் பிடிக்கின்றனர். பாபீன் ஆற்றில் அந்நில மக்கள் மரக்கழிகளால் குறுக்குப் பட்டி கட்டி, வேண்டிய மீனை எடுத்து, மற்றதை மேலே விடுவதே வழக்கம். கடலோரத் தகரடைப்பு ஆலைகளின் வற்புறுத்தலால் கனடிய மீன்வள அதிகாரிகள் 1904 முதல் 1906 வரையில் அப்பட்டிகளை அகற்றினர். பட்டி மீனை அழிக்கும் என்பது அன்றைய வாதம். அதே பாபீன் ஆற்றில் 1946 முதல் அரசே ஒரு வேலியைக் கட்டி, வரும் மீன்களை எண்ணிவருகிறது. இந்தச் செய்தியைக் கேட்டுச் சிரிப்பதா வேறென்ன செய்வதா என்பது கேட்பவர் மனத்தைப் பொறுத்தது.

பட்டியில் மீன் உயிரோடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆற்றுவாயில் விரிக்கும் வலையிலோ தேர்வில்லை. ஸ்கீனாவின் முகத்துவாரத்தில் சாக்ஐ சால்மனுக்காக விரித்த வலையில், அதே வாரங்களில் ஆறு ஏறும் ஸ்டீல்ஹெட்டும் சிக்குகிறது. ஃபிரேசர் ஆற்றில் சம் சால்மன் வலைகளில் தாம்சன் ஆற்றுக்குரிய ஸ்டீல்ஹெட் சிக்குகிறது. இத்துடன் கடல் வெப்பமடைதல், சீல்கள், பாசனத்துக்கு நீர் எடுத்தல், கிளையோடைகளின் கரைமரங்கள் அழிதல் ஆகியவையும் சேர்கின்றன. எது எவ்வளவு என்ற கணக்கில் சண்டை ஓயவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரின் வலையையே சுட்டுவதால் காலம் போகிறது.

தாம்சன் ஆற்றின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்வது போதும். நிக்கோலா ஆறு தாம்சனில் கலக்கும் ஸ்பென்சஸ் பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு, அக்டோபரின் பிற்பகுதியில் உலகின் பல மூலைகளிலிருந்தும் பொய்ப்பூச்சிக்காரர் வந்துகொண்டிருந்தனர். வழுக்கும் பெருங்கற்கள், வலிய ஓட்டம், வறண்ட மலைச்சரிவு, அதிகாலைப் பனி. அந்த ஆற்று ஸ்டீல்ஹெட்டின் வலிமையைப் பற்றி எழுதாத இதழில்லை. 1980களில் ஆண்டுக்குச் சில ஆயிரம் மீன்கள் அங்கே திரும்பின. 2017 இலையுதிர் காலத்தில் திரும்பியவை 200க்கும் குறைவு. அண்டை ஆறான சில்கோட்டினில் 60க்கும் குறைவு. கனடாவின் அருகிவரும் உயிரினங்களை மதிப்பிடும் அறிவியல் குழு 2018இல் அவசர மதிப்பீடு செய்து, இவ்விரு கூட்டங்களும் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்தது. அவசர ஆணை பிறப்பிக்க மத்திய அரசு முன்வரவில்லை. சட்டப் பட்டியலில் சேர்த்தால் வலைத்தொழிலில் ஏற்படும் இழப்பு கணக்கிடப்பட்டது. தூண்டில் நிறுத்தப்பட்டது. சிற்றூரின் விடுதிகளில் அக்டோபர் வெறுமையாக வந்து போயிற்று.

2021இல் ஸ்கீனாவுக்கும் அந்நிலை வந்தது. ஆற்றுவாயில் டைய் என்னுமிடத்தில் 1950களின் நடுப்பகுதி முதல் சோதனை வலை விரித்து வரவை மதிப்பிடுகிறார்கள். அவ்வாண்டு கிடைத்த ஸ்டீல்ஹெட் எண்ணிக்கை அதுவரை பதிவானவற்றுள் மிகக் குறைந்தது. அக்டோபரில் ஸ்கீனா ஆற்றுத் தொகுதி முழுவதும் ஸ்டீல்ஹெட் தூண்டிலுக்கு மூடப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் வரவு ஓரளவு உயர்ந்து மீண்டும் திறக்கப்பட்டது உண்மை. மூடப்பட்ட அந்த அக்டோபரின் நினைவு மட்டும் அகலவில்லை.

இங்கே தூண்டில்காரரின் நிலை எளிதானதன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்; எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளே அனுமதி. நீரின் வெப்பம் 20 பாகையை நெருங்கினால் பிடித்து விட்ட மீனும் பிழைப்பது அரிது; ஆதலால் நல்ல தூண்டில்காரர் கோலைச் சுருட்டிக்கொண்டு கரையேறுவர். ஆயினும், உண்ணப்படாத மீனை முள்ளால் துன்புறுத்தி விளையாடுவது அவமதிப்பு என்று அந்நில மக்களுள் பலர் கூறிவருகின்றனர். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தூண்டில்காரர் தரப்பில் ஒன்று சொல்லலாம்: அணைக்கும் மரத்தொழிலுக்கும் வலைக்கும் எதிராக இந்த மீன்களின் பெயரைச் சொல்லி முதலில் நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் நின்றவர்களுள் அவர்கள் பலர். ஒருவன் ஆண்டுதோறும் ஒரே மடுவுக்குப் போய் நிற்பதனால்தான் அங்கு எது வரவில்லை என்பது அவனுக்குத் தெரிகிறது. இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. ஒரே மனிதனுக்குள் இரண்டும் இருக்கக்கூடும். ஹேக்-பிரவுனின் பிற்கால நூல்களில் இரண்டும் இருக்கின்றன.

வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆறு மாறுபட்ட ஒரு செய்தியைத் தருகிறது. 1910களிலும் 1920களிலும் கட்டப்பட்ட இரண்டு அணைகள், மீன் ஏற வழியின்றி அந்த ஆற்றை நூறாண்டு மறித்தன. லோவர் எல்வா கிளாலம் மக்கள் தலைமுறைகளாகப் போராடினர். 2011இல் அணைகளை உடைக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள். ஆற்றில் மீன்பிடித் தடை விதிக்கப்பட்டது. ஆய்வாளர் எதிர்பார்த்தது குளிர்வரவு மீன்களை. கோடைவரவு ஸ்டீல்ஹெட் அங்கே அற்றுப்போய்விட்டதாகவே கருதியிருந்தனர். அவையும் வந்தன. எங்கிருந்து வந்தன என்பதை மரபணு ஆய்வு காட்டிற்று. அணைகளுக்கு மேலே சிக்கி நூறாண்டு காலம் கடலே காணாமல் வானவில் டிரவுட்டாகப் பல தலைமுறை பிறந்து மடிந்த மீன்கள், கோடையில் திரும்பும் இயல்பைக் குருதியில் வைத்திருந்தன. வழி திறந்ததும் அவற்றின் குஞ்சுகள் கடலுக்குப் போயின. வளர்ந்து, தம் முன்னோர் வந்த அதே பருவத்தில் திரும்பின. 2024இல் தெற்கே கிளமத் ஆற்றின் நான்கு அணைகளை அகற்றும் பணி முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே சால்மன்கள் அங்கே மேலேறி ஓரிகன் மாநிலத்தைத் தொட்டன.

எல்வாவில் மீன்களை எண்ணுவோர் தடித்த ரப்பர் உடை அணிந்து, மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு, ஆற்றின் அகலத்துக்கு வரிசையாகப் பரவி ஓட்டத்தோடு மிதந்து வருகிறார்கள். வான்கூவர் தீவின் ஆறுகளிலும் இவ்வாறே எண்ணுகிறார்கள். அவர்களுள் பலர் முன்னாள் தூண்டில்காரர். இந்நாள் தூண்டில்காரரும் உண்டு. கண்ட மீனைக் கரையேறியதும் நீர்ப்புகாத் தாளில் பென்சிலால் குறிக்கிறார்கள்: மடுவின் பெயர், நாள், நீரின் தெளிவு, எண்ணிக்கை. சில மடுக்களுக்கு நேராகச் சுழியம் என்று எழுத நேரிடுகிறது. அதையும் விடாமல் எழுதுகிறார்கள்.

கேம்பெல் ஆற்றங்கரையில் ஹேக்-பிரவுன் வாழ்ந்த வீடு இப்போது பொதுச் சொத்தாகக் காக்கப்படுகிறது. அவருடைய நூலறை அங்கே இருக்கிறது. குளிர்காலந்தோறும் ஓர் எழுத்தாளரை அழைத்து அந்த வீட்டில் தங்கி எழுத வைக்கிறார்கள். அந்த மாதங்கள், சாளரத்துக்கு எதிரே ஓடும் அதே நீரில் குளிர்வரவு ஸ்டீல்ஹெட் ஏற வேண்டிய மாதங்கள்.